ஐயோ பாவம் என்றால் மட்டும்தானா உரிமை?

கம்பஸில் கருக்கலைப்பைப் பற்றிக் கதை எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வந்துவிடுவாள். வல்லுறவுக்கு உள்ளானவள். ஏழை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். அவளுக்குக்கூட எங்கட சட்டத்தில் அனுமதி இல்லையே என்று யாராவது சொல்வார்கள். மண்டபம் கொஞ்சம் இளகும். "ஓம், அப்பிடியான ஆக்களுக்கு எண்டால் குடுக்கலாம்தான்" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். அதோடு விவாதம் முடிந்துவிடும். எல்லோரும் முற்போக்காக நடந்துகொண்ட திருப்தியோடு ரீ குடிக்க கன்ரீனுக்குப் போவோம்.

அந்தச் சிறுமி கற்பனை இல்லை. இந்த நாட்டில் அவள் உண்மையாகவே இருக்கிறாள். அவளுக்கு இந்த உரிமை மறுக்கப்படுவது கொடுமை. அதில் எங்களுக்கு எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது. ஆனால் அவளை முன்னால் நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் நிற்கும் மற்ற எல்லாப் பெண்களையும் மறைத்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் கதைக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் 'பாவம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செய்யக்கூடாததைச் செய்தால் அது பாவம். இரக்கப்பட வேண்டிய ஆளைப் பார்த்தாலும் 'ஐயோ பாவம்' என்கிறோம். கருவைக் கலைக்க நினைக்கிற பெண்ணுக்கு எங்கட சமூகம் இந்த இரண்டு இடத்தைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்றில் அவள் பாவம் செய்தவள், இல்லாவிட்டால் அவள் பாவம். மூன்றாவதாக ஒரு இடம், அதாவது தன் வாழ்க்கையைத் தானே யோசித்து முடிவெடுத்த ஒரு சாதாரண மனுசி என்ற இடம், இல்லவே இல்லை.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஒன்பது பெண்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, ஹற்றன் என்று ஊர்கள் வேறு. சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம் என்று வீட்டில் சொல்லித்தந்ததும் வேறு. இரண்டு வருடமாக ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கிறோம், கதைக்கிறோம், மற்ற மாணவிகளோடு சின்னச் சின்னச் சந்திப்புகள் வைக்கிறோம். இதைத் தொடங்க வைத்தது எங்களில் ஒருத்திக்கு நடந்த ஒரு விடயம். அதை எழுதச் சொன்னதும் அவள்தான். எழுதியதை வாசித்து, இரண்டு வரியை வெட்டிவிட்டு, சரி போடுங்கோ என்று சொன்னதும் அவள்தான்.

முதலில் சட்டம். ஏனென்றால் எங்கட வயதில் அநேகம் பேருக்கு 'அது இல்லீகல்' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. பிரித்தானியர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டக்கோவையைப் பார்த்து இங்கேயும் ஒன்றைச் செய்தார்கள். அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தால் தவிர, கருவைக் கலைப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரியத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. செய்துவிடுகிறவர் மட்டுமல்ல, தனக்குத் தானே செய்துகொள்கிற பெண்ணும் குற்றவாளி.

இதை மாற்ற முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது வல்லுறவு, தகாத உறவு, கருவின் கடுமையான குறைபாடு ஆகிய காரணங்களுக்கு அனுமதி கொடுக்கும் யோசனை வந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழும்ப அந்தப் பகுதி கைவிடப்பட்டது. 2017இல் இதே மாதிரியான யோசனைக்கு அமைச்சரவை வரைக்கும் அனுமதி கிடைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் கிடப்பில் போனது. இரண்டு தடவையும் கேட்கப்பட்டது விதிவிலக்கு மட்டும்தான். அதுவும் கிடைக்கவில்லை.

இனி எங்கட தோழியின் கதைக்கு வருவோம். அவளை யாரும் வல்லுறவு செய்யவில்லை. அவளுக்கு ஒரு காதல் இருந்தது. இப்போது இல்லை. பாதுகாப்பாக இருந்தும் ஒருமுறை பிழைத்துவிட்டது. இரண்டு ஊர் தள்ளி இருந்த ஒரு பார்மசியில்தான் டெஸ்ட் கிட் வாங்கப் போனோம். எங்களில் ஒருத்தி தன் மோதிரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். அப்படியிருந்தும் "தங்கச்சி, கலியாணம் கட்டியாச்சோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை விலாவாரியாக எழுதமாட்டோம். எப்படிச் செய்வது என்று யாருக்கும் சொல்லிக்கொடுப்பது எங்கள் நோக்கமில்லை. ஒரு வீட்டின் பின்னறை. பெயர்ப்பலகை இல்லை. முதல் நாள் சொன்ன காசு, அவள் கலியாணம் கட்டாதவள் என்று தெரிந்ததும் அடுத்த நாள் 10,000 ரூபா கூடியது. மகாபொலக் காசு, ஒரு சங்கிலியின் அடகுக் காசு, இரண்டு அக்காமார் தந்த கைமாற்று என்று பொறுக்கிச் சேர்த்தோம். அந்தக் காசுக்கு ரிசீட் இல்லை, என்ன மருந்து என்று எழுதின துண்டு இல்லை, பிழைத்தால் யாரைக் கேட்பது என்று இல்லை. "ஏதும் எண்டால் பாத்ரூமில வழுக்கி விழுந்ததெண்டு சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல். உதிரம் நிற்கவில்லை. ஹொஸ்டலில் யாருக்கும் சொல்லாமல் ஓட்டோ பிடித்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வார்ட்டில் ஒருவர், "செய்யேக்க யோசிக்கேல்லையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். அதே வார்ட்டில் இன்னொரு இளம் வைத்தியர், திரையை இழுத்து மூடிவிட்டு, "என்ன நடந்ததெண்டு சொன்னால்தான் நான் சரியா வைத்தியம் செய்யலாம். நான் பொலிஸ் இல்லை" என்றார். அவள் அன்றைக்குத் தப்பியது அந்த ஒரு வசனத்தால்தான் என்று இப்போதும் நாங்கள் நம்புகிறோம்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு அக்கா. அவவும் வழுக்கி விழுந்தவதான். மூன்று பிள்ளைகள். நுண்கடன் இரண்டு இடத்தில். கணவர் வேலைக்குப் போகிற நாளும் குடிக்கிற நாளும் ஒன்றாகவே வரும் என்றா. "நாலாவதைப் பெத்தால் மற்ற மூண்டுக்கும் என்னத்தைக் குடுக்கிறது, நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டா. அவவுக்குக் குற்றவுணர்வு இருந்த மாதிரித் தெரியவில்லை. வீட்டுக்கு எப்போது போகலாம், சின்னவனை யார் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வருவது என்பதுதான் அவவின் யோசனை முழுவதும்.

இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு 1995இன் யோசனையையும் 2017இன் யோசனையையும் திரும்ப வாசித்துப் பாருங்கள். இரண்டுமே நிறைவேறியிருந்தால்கூட, இவர்களில் ஒருத்திக்கும் அது உதவியிருக்காது. எங்கட தோழி மறுபடியும் அந்தப் பின்னறைக்குத்தான் போயிருப்பாள். அந்த அக்கா மறுபடியும் வழுக்கித்தான் விழுந்திருப்பா.

இவர்கள் அபூர்வமான ஆட்களும் இல்லை. இலங்கையில் நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் என்ற மதிப்பீட்டை ஊடகங்களில் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஒளித்துச் செய்யப்படுகிற ஒன்றைத் துல்லியமாக எண்ண முடியாது என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். ஆனால் இங்கே செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கருவைக் கலைக்க வருகிறவர்களில் பெரும்பான்மையினர் திருமணமான பெண்கள், ஏற்கெனவே பிள்ளைகள் உள்ளவர்கள். 'கம்பஸுக்கு அனுப்பினால் பெட்டையள் கெட்டுப்போகும்' என்று சொல்கிற மாமாமார் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பின்னறைக்கு முன்னால் கியூவில் நிற்கிறவர்களில் அதிகம் பேர் எங்கட மாமிமார்தான்.

விதிவிலக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாருக்காக எழுதப்படுகிறதோ, அவர்களுக்கே அது சரியாகக் கிடைப்பதில்லை. வல்லுறவு என்றால் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். வல்லுறவு நடந்தது என்று யார் முடிவு செய்வது? பொலிசில் முறைப்பாடா, சட்ட வைத்திய அறிக்கையா, நீதிமன்றத் தீர்ப்பா? இந்த நாட்டில் வல்லுறவு வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். கர்ப்பம் வாரக் கணக்கில் ஓடுகிறது. மேலும், எங்கட சட்டத்தின்படி, நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழாத வரைக்கும் கணவன் மனைவியை வல்லுறவு செய்தால் அது வல்லுறவே இல்லை. குடித்துவிட்டு வருகிற கணவனிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் கர்ப்பமான பெண்ணை எந்த விதிவிலக்குக்குள் போடப் போகிறோம்?

இப்போது இருக்கிற ஒரே விதிவிலக்கு தாயின் உயிர். அதுவாவது உறுதியா? அயர்லாந்திலும் அந்த விதிவிலக்கு இருந்தது. 2012இல் சவிதா ஹாலப்பனவர் என்ற இந்தியப் பெண், 17 வாரக் கருவோடு, கருச்சிதைவு தொடங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போனார். கருவைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும், அதன் இதயத்துடிப்பு இருந்ததால் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. கிருமித்தொற்றில் அவர் இறந்துபோனார். அவருக்கு வயது 31. உயிருக்கு ஆபத்து வரும்வரை காத்திரு என்று சட்டம் சொன்னால், வைத்தியர் ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். 2018இல் அந்த நாட்டு மக்கள் 66.4 வீதம் ஆதரவாக வாக்களித்து அரசியலமைப்பில் இருந்த தடையை நீக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தில் 12 வாரம் வரை பெண் காரணம் சொல்லத் தேவையில்லை.

எங்கட சட்டத்துக்கு மூலமான இந்தியாவையும் பாருங்கள். அங்கே 1971இல் மருத்துவ ரீதியான கருக்கலைப்புக்குச் சட்டம் வந்தது. இலங்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் கருத்தடை பிழைத்துவிட்டது என்ற காரணத்தை 'திருமணமான பெண்ணும் அவளது கணவரும்' என்றுதான் அதில் எழுதினார்கள். அது 'பெண்ணும் அவளது துணையும்' என்று மாற 2021 வரைக்கும் போனது. 20 வாரத்துக்கும் 24 வாரத்துக்கும் இடையில் திருமணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு, திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவும் இந்த விடயத்தில் வல்லுறவுதான் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்புச் சொன்னது. முதலில் நல்ல பெண்ணுக்குக் கொடுப்போம், மற்றவளைப் பிறகு பார்ப்போம் என்று தொடங்கினால் அந்தப் 'பிறகு' வருவதற்கு ஐம்பது வருடம் எடுக்கும்.

சந்திப்புகளில் எங்களுக்கு இரண்டு பெரிய எதிர்ப்பு வந்தது. ஒன்று சமயம். இதில் எங்கள் ஒன்பது பேருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எங்களில் இரண்டு பேர் தாங்கள் ஒருநாளும் கலைக்க மாட்டோம் என்கிறார்கள். அந்த இரண்டு பேரும்தான் அன்றைக்கு வைத்தியசாலை வாங்கில் விடியும்வரை இருந்தார்கள். தன் நம்பிக்கைப்படி தான் வாழ்வது ஒன்று, பக்கத்தில் இருக்கிறவளைச் சிறைக்கு அனுப்பச் சொல்வது வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்கச் சமயத்தை விடவேண்டிய தேவை இல்லை.

மற்றது இனம். "யுத்தத்தில எங்கட சனம் எவ்வளவு செத்துப்போச்சு, இப்ப நீங்கள் இருக்கிறதையும் அழிக்கப் பாக்கிறீங்களோ" என்று ஒரு அண்ணா கேட்டார். கேள்விக்குப் பின்னால் இருக்கிற வலி எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் படத்துக்கு மாலை தொங்குகிறது. ஆனால் அந்த இழப்பைக் கணக்குத் தீர்க்கும் பொறுப்பை 22 வயதுப் பெட்டையின் கருப்பையில் வைப்பது எந்த நியாயம்? காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வெயிலிலும் மழையிலும் தெருவில் இருந்த அம்மாமாரைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லாத ஒரு நாட்டில், அவர்களிடமே இன்னும் பெறு என்று கேட்பதா?

அதே அண்ணாவுக்கு நாங்கள் சொன்ன இன்னொரு விடயமும் இருக்கிறது. 2013இல் கிளிநொச்சியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களின் பெண்களுக்குச் சரியான விளக்கமோ உண்மையான சம்மதமோ இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மலையகத் தோட்டங்களில் காசைக் காட்டிப் பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதைப் பற்றி அங்கிருக்கிறவர்கள் நீண்டகாலமாகக் கதைத்து வருகிறார்கள். எங்கள் குழுவில் இருக்கிற ஹற்றன் தோழி, தன் அம்மம்மா காலத்துக் கதையை அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். பெறாதே என்று வற்புறுத்துவதும் பெற்றுத்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன. இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிற உரிமையில் பிள்ளை பெறுகிற உரிமையும் அடக்கம். அந்தப் பிள்ளையைப் பட்டினி போடாமல் வளர்க்கிற உரிமையும் அடக்கம்.

இயங்குவது என்றால் பதாகை பிடித்து ஊர்வலம் போவது என்று நினைத்துத்தான் தொடங்கினோம். நடைமுறையில் முக்கால்வாசி வேலை சொல் தேடுகிற வேலையாக இருந்தது. வார்ட்டில் 'கழுவுறது' என்பார்கள். ஊரில் 'அழிச்சிட்டாள்' என்பார்கள். படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவார்கள். அம்மாவோடு கதைக்கக்கூடிய, வெட்கமும் வசவும் ஒட்டாத ஒரு தமிழ் வேண்டியிருந்தது. ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுத எங்களுக்கு ஒரு மாதம் போனது. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரைச் சந்தித்தோம். அவர்கள் கையில் இருப்பது 'தகுதியுள்ள குடும்பங்களின்' பதிவேடு. கருத்தடை பற்றிய ஆலோசனையும் அந்தப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போகிறது. கலியாணம் கட்டாதவள் பெரும்பாலும் அதில் இல்லை. "நீங்கள் வந்து கேட்டால் நான் இல்லையெண்டு சொல்லமாட்டன், ஆனா ஆர் வந்து கேக்கினம்?" என்றார். நியாயமான கேள்வி. கேட்பதற்கு ஆளைப் பழக்குவதுதான் இப்போது எங்கட வேலை.

பாராளுமன்றத்தில் நாளைக்கே மூன்று காரணங்களோடு ஒரு சட்டம் வந்தால் எதிர்ப்பீர்களா என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். மாட்டோம். அந்த 13 வயதுச் சிறுமிக்கு அது கிடைக்க வேண்டும், இன்றைக்கே கிடைக்க வேண்டும். எங்களில் சிலர், முதலில் அதற்காக மட்டும் கதைப்போம், மற்றதைக் கேட்டால் இதுவும் இல்லாமல் போகும் என்கிறார்கள். 1995ஐயும் 2017ஐயும் பார்க்கும்போது அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு தடவையும் மிகக் குறைவாகத்தானே கேட்டார்கள். அப்படிக் கேட்டும் கிடைக்கவில்லையே. தருகிற சட்டத்தை வாங்குவோம். அதற்காக, இரக்கத்துக்குரியவள் மட்டும்தான் தகுதியானவள் என்ற மொழியை நாங்கள் எடுத்துக் கதைக்கத் தேவையில்லை. எங்கட கோரிக்கை 303ஆம் பிரிவு நீங்க வேண்டும் என்பது. கருக்கலைப்பு ஒரு குற்றவியல் விடயமாக இல்லாமல் சுகாதார விடயமாக இருக்க வேண்டும் என்பது.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. கருக்கலைப்புக்குப் பிறகு ஏற்படும் சிக்கலுக்கு வைத்தியம் பெறுவது குற்றமில்லை. அரச வைத்தியசாலையில் அது இலவசம். காய்ச்சல், நிற்காத உதிரம், கடும் வயிற்றுவலி என்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. அவசரகாலக் கருத்தடை மாத்திரை பார்மசியில் இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதை வாங்க மோதிரம் தேவையில்லை. இதை உங்கட அறைத்தோழிக்குச் சொல்லுங்கள், தங்கச்சிக்குச் சொல்லுங்கள், முடிந்தால் தம்பிக்கும் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கட வகுப்பில் இந்த விவாதம் வரும்போது அந்தச் சிறுமியைப் பற்றிக் கட்டாயம் கதையுங்கள். அது முடிய, மூன்று பிள்ளைகளின் தாயைப் பற்றியும் கதையுங்கள். காதலித்த மாணவியைப் பற்றியும் கதையுங்கள். பின்வரிசைக் குரல் "அவையளுக்கும் குடுக்கவேணுமோ?" என்று கேட்கும். ஓம் என்று சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்க அங்கேயே இருங்கள். கன்ரீன் ஆறு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்.